அப்பாவின் லேத் பற்றி உனக்குச் சொல்லாமல் விட்டது

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள், போன ஞாயிறு போனில் பாப்பாவின் சிரிப்பைக் கேட்டதிலிருந்து எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இங்கே நானும் அப்பாவும் சுகம். இந்தத் தடவைதான் இதை மனசு உறுத்தாமல் எழுதுகிறேன், ஏனென்றால் போன எட்டு மாதமாக இங்கே எல்லாரும் சுகம் என்று நான் சொன்னதில் பாதிதான் உண்மை. அந்த மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படிக்காதே, தூங்கப் போட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படி. பயப்படும்படி இப்போது ஒன்றும் இல்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கேபிள் பிரிவில் குப்பை கொட்டினவள்தான், ஊரார் பேச்சையெல்லாம் ஒயரில் ஏற்றி அனுப்பினவள்தான், ஆனால் என் பேச்சு என்று வரும்போது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் பேனா.

முதலில் சின்னச் செய்திகள். அத்தைக்கு இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது எதிர்ச் சுவரில் இருக்கிற பல்லியின் வாலைக்கூடக் குறை சொல்கிறாள். நம் தண்ணீர்த் தொட்டியை மாற்றியாயிற்று. உன் அறையில் உன் புத்தகங்களை அப்படியே வைத்திருக்கிறேன், அலமாரியை மட்டும் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினேன், ஈரம் ஏறுகிறது. நீ தலைமுடி கொட்டுகிறது என்று சொன்னாயே, பிள்ளை பெற்ற நாலைந்து மாதத்தில் கொட்டத்தான் செய்யும், எனக்கும் உன்னைப் பெற்றபோது கொட்டியது, டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் நிறுத்தாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொன்ன வாரம் உனக்கு நினைவிருக்கும், ஆறாம் மாதம். அப்போது வீடியோவில் அப்பா இடது கையில் கட்டோடு இருந்ததைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய், கதவிடுக்கில் நசுங்கிவிட்டது என்று நான் சொன்னேன். அது பொய். அப்பாவின் மோதிரவிரல் நுனி, நகத்தோடு சேர்த்து, லேத் மெஷினின் பல்சக்கரத்தில் போய்விட்டது. நீ இதைப் படித்துவிட்டு அழுவாய் என்று தெரியும், அழுதுவிட்டு மேலே படி. உனக்கு இரத்த அழுத்தம் ஏறினால் பிள்ளைக்கு ஆபத்து என்று மாப்பிள்ளை போனில் குரல் நடுங்கச் சொல்லியிருந்தார், அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. பிள்ளை பிறந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன், பிறந்த பிறகு நீ தூக்கமில்லாமல் கிடந்தாய், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, பொய்க்கும் பாப்பாவைப் போலவே வயது ஏறிவிட்டது.

எப்படி நடந்தது என்று நீ கேட்பாய். பம்ப் கம்பெனியில் இருந்து அப்பா ரிட்டையர் ஆன பிறகு சமையலறைக்குப் பின்னாலிருக்கும் ஷெட்டில்தான் அவருக்குப் பொழுதெல்லாம், அது உனக்குத் தெரியும். யாருக்காவது தையல் மெஷினுக்கு ஒரு திருகு, ஆஸ்பத்திரி சக்கர நாற்காலிக்கு ஒரு அச்சு, இப்படி எதையாவது கடைந்துகொண்டே இருப்பார். லேத்தில் ஒரு கம்பிக்கு மரை, அதாவது திருகின் சுற்றுப் பள்ளம், போட வேண்டுமென்றால், கம்பி ஒரு சுற்று சுற்றும்போது கத்தி இத்தனை தூரம் நகர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு முழுவதும் மெஷினின் இடது பக்கம் மூடிக்குள் இருக்கும் பல்சக்கரங்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மரைக்கும் மூடியைத் திறந்து, சில சக்கரங்களைக் கழற்றி, வேறு சக்கரங்களை மாட்ட வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் மாட்டியிருக்கிறார். சுவிட்ச் போடவே இல்லை, அஜாக்கிரதையும் இல்லை. சக்கரம் பல்லோடு பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வலது கையால் மெல்லச் சுற்றியிருக்கிறார், இடது கை விரல் பற்களுக்கு நடுவே இருந்திருக்கிறது. வேறு யாராயிருந்தாலும் சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டிருப்பார்கள். அப்பாவுக்குத் தெரியவில்லை. சர்க்கரையால் விரல் நுனிகள் மரத்துப்போய் ஒரு வருஷமாகிறதாம், என்னிடம்கூடச் சொல்லவில்லை. சக்கரம் இறுகுகிறதே என்று இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுற்றியிருக்கிறார். பிறகு குனிந்து பார்த்திருக்கிறார். நான் சமையலறையில் இருந்தேன். சத்தமே போடவில்லை, சாதாரணமாக வந்து நின்று, "ஒரு துணி இருந்தா குடேன்"னு கேட்டார், ஏதோ எண்ணெய் துடைக்கக் கேட்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பினார்கள். மரத்துப்போன உணர்ச்சி திரும்ப வராது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேற்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஷெட் தரையை நான் துடைத்தேன். துடைத்துவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டி, சாவியை என் பீரோவில், என் பழைய ஆபீஸ் அடையாள அட்டைக்கு அடியில் போட்டேன். இனிமேல் நீங்கள் அந்தப் பக்கம் போனால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பிறகு நாலு மாதம் அவர் இருந்த இருப்பை உனக்கு எப்படிச் சொல்வேன். முதல் மாதம் வீட்டிலிருக்கும் எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கினார். சொட்டாத குழாய்க்கு வாஷர் மாற்றினார். என் மிக்ஸியைப் பிரித்து மாட்டினார், அது முன்னைவிட அதிகமாகக் கத்துகிறது, நான் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் அதுவும் நின்றது. முன் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே பேப்பரைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை படிப்பார். யாராவது வந்தால் இடது கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விடும். சக்கர நாற்காலிக்கு அச்சு கேட்டு ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் வந்தபோது, "மெஷின் ரிப்பேருங்க" என்று சொல்லி அனுப்பினார். ரிப்பேர் மெஷினுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும், அந்த வார்த்தை ரெண்டு நாள் என் காதிலேயே நின்றது. ஆனாலும் என் பயம் பெரிசாக இருந்ததம்மா. ஷெட் கதவு அவர் கண்ணில் படுவதால்தான் இப்படி இருக்கிறார், மெஷினே இல்லாமல் போனால் மறந்துவிடுவார் என்று எனக்கு நானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டேன். பழைய மெஷின் வாங்குகிற ஒருவரின் நம்பரைக் கண்டுபிடித்து, அப்பாவுக்குத் தெரியாமல் போன் செய்து, திங்கட்கிழமை வந்து எடுத்துப்போகச் சொன்னேன். ஆமாம், நான்தான் செய்தேன். நீயே ஒருமுறை அதை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று சொன்னவள்தானே, உனக்கு இது பெரிய குற்றமாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

மெஷினைத் தூக்க வேண்டுமானால் கரண்ட் இணைப்பைக் கழற்ற வேண்டுமே. எனக்கு ஒயர் தெரியும், ஆனால் அது டெலிபோன் ஒயர், பெரிய கரண்டில் கை வைக்க மாட்டேன். அதனால் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் லிஃப்ட்காரம்மாவைக் கூப்பிட்டேன். உனக்கு அவரைத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். நாற்பது வயதிருக்கும், பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிற வேலை, தெருவில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரம்மாதான். நாள் முழுக்க லிஃப்ட்டோடு மல்லுக்கட்டுகிறேன், வீட்டுக்கு வரும்போதாவது நிம்மதியாகப் படியேறுகிறேனே என்பார். அப்பா முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் அவரை ஷெட்டுக்குள் அழைத்துப் போனேன். அவர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார், மூடியைத் திறந்து சக்கரங்களைப் பார்த்தார், "இவ்ளோ நல்லா வெச்சிருக்காரே, எதுக்கும்மா குடுக்குறீங்க"ன்னு கேட்டார். விரலைப் பற்றிச் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கடிச்சது இந்தச் சக்கரம்தானே, அதத் தூக்கி எறிஞ்சிட்டா என்ன? எங்க லிஃப்ட்ல எல்லாம் கதவு முழுசா மூடலைன்னா மோட்டார் சுத்தவே சுத்தாது. ஆளு எவ்ளோ பெரிய ஆபீசரா இருந்தாலும் சுத்தாது. அதே மாதிரி இதுக்கும் பண்ணலாமே."

பிறகுதான் விளக்கினார். இப்போது இதற்கென்றே ஒரு சாமான் வருகிறதாம். கம்பியைக் கவ்விச் சுற்றுகிற சக் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுவதற்கு ஒரு சின்ன உருளை, அதற்கு என்கோடர் என்று பெயர், லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதும் அதே சாமான்தானாம். அது எண்ணிச் சொல்வதைக் கேட்டு ஒரு எலக்ட்ரானிக் பெட்டி கணக்குப் போடும். அந்தப் பெட்டி சொல்கிறபடி ஒரு தனி மோட்டார் கத்தியை நகர்த்துகிற நீளத் திருகைச் சுற்றும். பல்சக்கரம் செய்த கணக்கை இனிமேல் பெட்டி செய்யும், என்ன மரை வேண்டுமோ அந்த நம்பரைப் பட்டனில் போட்டால் போதும், மூடியைத் திறந்து சக்கரம் மாற்றும் வேலையே இல்லை. நான் ஷெட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று மதியமே வாங்க வருகிறவருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அப்பாவிடம் சொன்னால் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். எங்கே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "கியர் மாட்டத் தெரியாதவன் பட்டன் அமுக்கட்டும். நான் என்ன லிஃப்ட்டா ஓட்டறேன்?" என்றார். லிஃப்ட்காரம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், "லிஃப்ட்டு ஓட்டறது அவ்ளோ கேவலமா சார்?" என்று கேட்டதும் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார், ஆனால் பிடிவாதத்தை விடவில்லை. ஒரு வாரம் அப்படியே போயிற்று. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, ஆச்சரியம் இதுதான். விரல் போனதைவிட, இனிமேல் உன் கணக்கை வேறொன்று போடும் என்று சொன்னதுதான் அவருக்கு வலித்தது. அந்த இடம் மரத்துப்போகவில்லை.

லிஃப்ட்காரம்மா கெட்டிக்காரி, மறுபடி புத்தி சொல்ல வரவில்லை. சாமான்களையெல்லாம் வரவழைத்துவிட்டு, ஒரு நாள் வேலை முடிந்து வருகிற வழியில் நேராக அப்பாவிடம் வந்து, கையில் பெல்ட் ஓடுகிற ஒரு பல் போட்ட கப்பியை வைத்துக்கொண்டு, இதன் ஓட்டை சின்னதாக இருக்கிறது, உங்கள் நீளத் திருகின் முனை பெரிதாக இருக்கிறது, மோட்டாரை எந்த இடத்தில் தாங்க வைப்பது என்றும் புரியவில்லை, எனக்கு இரும்பு வேலை வராது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். நடிப்பே இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அப்பா கப்பியை வாங்கி வலது கையில் உருட்டிப் பார்த்தார். இடது கையைப் பையிலிருந்து எடுத்தார். பேப்பரின் ஓரத்திலேயே பென்சிலால் ஏதோ வரைந்தார். வரைந்து முடித்து என்னைப் பார்த்து, "சாவி எங்க?" என்றார். நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அவர் அதைக் கேட்டதில்லை. நான் எழுந்து போய் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேராக ஷெட்டுக்கு நடந்தார்.

அன்றிலிருந்து ஆறு வாரம் நம் வீட்டில் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கப்பியின் ஓட்டையை அந்த லேத்திலேயே பெரிதாக்கினார், அதற்குச் சக்கரம் மாற்ற வேண்டியதில்லையாம். நான் வாசலில் நின்றேன். "நிக்காத, உக்காரு" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன், ஆனால் கண் அவர் விரல்களிலேயே இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டி, "ஒம்பதே முக்கால். சரியா இருக்கா, எண்ணிக்க" என்றார். விரல் போன நாளுக்குப் பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். மோட்டாரைத் தாங்க ஒரு கனமான தகடு வெட்டி நாலு ஓட்டை போட்டார், பெல்ட்டை இறுக்கவும் தளர்த்தவும் ஓட்டைகளை நீளமாக்கினார். என்கோடரை இடது பக்கம் தனிப் பெல்ட்டில் மாட்டினார். லிஃப்ட்காரம்மா பெரிய கரண்ட் வேலையைச் செய்தார். சின்ன ஒயர் வேலை முழுக்க நான். ஒயருக்கு ஈயம் வைக்கிற என் பழைய சால்டரிங் அயர்னை எடுத்துச் சூடாக்கியபோது அந்த வாசனை பட்டதும் நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துக்கே போய்விட்டேன். ஒயர்களையெல்லாம் நிறம் பிரித்து, ஒரே கட்டாக நூல் பிடித்தாற்போலக் கட்டி மெஷினின் முதுகோடு கொண்டுபோனேன். லிஃப்ட்காரம்மா பார்த்துவிட்டு, எங்கள் ஆட்கள் இதைப் பார்த்தால் வேலையை விட்டு ஓடிவிடுவார்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் சொன்னபடியே மூடிக்கு ஒரு சின்ன சுவிட்ச், சக்கின் மேல் கவிழ்க்கிற காப்புக்கு ஒரு சுவிட்ச், இரண்டும் மூடியிருந்தால்தான் மெஷினுக்குக் கரண்ட் போகும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு பட்டன், இடுப்பால் இடித்தாலும் எல்லாம் நின்றுவிடும். ஒவ்வொன்றையும் இருபது தடவை சோதித்துப் பார்த்தேன். அப்பா பொறுமையாக நின்றார்.

முதல் நாள் மரை போட்டபோது மானம் போயிற்று. மரை என்பது ஒரே தடவையில் வெட்டுவதில்லை, கத்தி முதல் தடவை போன பள்ளத்திலேயே திரும்பத் திரும்பப் போய் ஆழமாக்க வேண்டும். எங்கள் கத்தி இரண்டாம் தடவை கொஞ்சம் விலகிப் போயிற்று, மூன்றாம் தடவை இன்னும் விலகி, கம்பி எலி கடித்த மாதிரி ஆனது. மரை கழண்டவனைப் பார்த்திருக்கிறேன், மரையே மரை கழண்டு போனதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அப்பா சொன்னார், ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை. பெல்ட்டை இறுக்கிப் பார்த்தார்கள், மோட்டாரைக் கழற்றி மாட்டினார்கள், கத்தியை மாற்றினார்கள். மூன்று நாள் இதே பாடு. பெட்டியே கோளாறாக இருக்கும், திருப்பி அனுப்பிவிடலாம் என்று லிஃப்ட்காரம்மா சோர்ந்துபோய்ச் சொன்னார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு முன் அறைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பழைய இடம். 

நான் மட்டும் ஷெட்டில் இருந்தேன். சக்கைச் சுற்றுகிற பெரிய மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள், அதனால் சுவிட்ச் போட்டால் மோட்டார் சும்மா உறுமும், சக் சுற்றாது. ஏதோ தோன்றி சுவிட்சைப் போட்டேன். சக் அசையாமல் நிற்கிறது, பெட்டியில் எண் மட்டும் துடிக்கிறது, நாலு, ஒன்பது, மூன்று என்று. சுவிட்சை அணைத்தேன், பூஜ்யம். போட்டேன், மறுபடி துடிப்பு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் எத்தனை வருஷம் கேட்ட புகார் இது. பக்கத்து லைன் பேச்சு என் போனில் கேட்குதுங்க என்று வருமே, அதேதான். கேபிளில் இரண்டு லைன் சரியான முறுக்கு இல்லாமல் உரசிக்கொண்டு போனால் ஒருவர் வீட்டுச் சண்டை இன்னொருவர் காதில் விழும். பெரிய மோட்டாருக்குப் போகிற கரண்ட் ஒயரும், என்கோடரிலிருந்து வருகிற மெல்லிய ஒயரும் ஒரே கட்டில் ஒட்டிக்கொண்டு போகின்றன, மோட்டார் உறுமுவதையெல்லாம் பெட்டி சக் சுற்றியதாக எண்ணிக்கொள்கிறது. கட்டினது யார்? நான்தான். அழகுக்காகக் கட்டினேன். மூன்று நாள் அவர்கள் பட்ட பாடு முழுக்க என் அழகால் வந்தது.

முன் அறைக்குப் போய், "என்னங்க, தப்பு உங்க மேலயும் இல்ல, பெட்டி மேலயும் இல்ல, நான் கட்டின கட்டுலதான்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவருடைய விரலுக்கு நான் திட்டினதில் கால்வாசி திட்டியிருந்தாலும் எனக்குத் தகும். அவர் நிமிர்ந்து பார்த்து, "எப்பிடிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டார். சொன்னேன். முழுக்க சொல்லு என்றார். முறுக்கு ஏன் வேண்டும், கேபிளுக்கு மேல் வலை போல் உலோகத்தைச் சுற்றி ஏன் ஒரு முனையை மட்டும் எர்த்தில் கட்டுகிறோம், மழைக் காலத்தில் குழிக்குள் இறங்கி எப்படி ஒரு ஜோடி ஒயரைத் தேடுவோம் என்று ஒரு மணி நேரம் பேசினேன், டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. முப்பத்துநாலு வருஷக் குடித்தனத்தில் அவர் என் வேலையைப் பற்றி இப்படிக் கேட்டதே இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "நீ ஏதோ போர்டு முன்னாடி ஒக்காந்து ஹலோ ஹலோன்னு சொல்லிட்டிருந்தேன்னே நெனச்சிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை, அவர் கடைகிற கணக்கை நான் மட்டும் என்றைக்குக் கேட்டேன்.

மறுநாள் என்கோடருக்கு வலை சுற்றின கேபிள் போட்டு, கரண்ட் ஒயர் பக்கமே போகாமல் வேறு வழியாகக் கொண்டுபோனேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இல்லை. பெரிய மோட்டாரைப் போட்டோம், பெட்டியில் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. பெல்ட்டை மாட்டி, காப்பைக் கவிழ்த்து, அப்பா நம்பரைப் போட்டார். கத்தி போனது, திரும்பியது, மறுபடி அதே பள்ளத்தில் போனது. ஏழு தடவை. ஏழு தடவையும் மூன்று பேரும் மூச்சு விட்டோமா என்று தெரியவில்லை. கடைசியில் துடைத்துவிட்டு ஒரு நட்டைப் போட்டு லேசாகச் சுண்டினார், அது தானாகச் சுற்றிக்கொண்டே அடிவரை போய் நின்றது. லிஃப்ட்காரம்மா கை தட்டினார். அப்பா நட்டைக் கழற்றி மறுபடி சுண்டினார், மறுபடி. பத்துத் தடவையாவது சுண்டியிருப்பார்.

லிஃப்ட்காரம்மா போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. ஷெட்டிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன், இதை விற்கப் பார்த்தேன், உங்களுக்குத் தெரியாமல் ஆளை வரச் சொன்னேன் என்று. அவர் இரும்புத்தூளைப் பிரஷால் தள்ளிக்கொண்டே, தெரியும் என்றார். எப்படித் தெரியும் என்றால், நான் கடைக்குப் போயிருந்தபோது அந்த ஆள் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார், மெஷினின் நீளம் எவ்வளவு, எந்த வருஷத்து மெஷின், வேன் போதுமா லாரி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். "ஜன்னல் வழியா டேப்ப விட்டு அளந்து சொன்னேன். லாரியே கொண்டாங்கன்னேன்" என்றார் உன் அப்பா. பூட்டின கதவுக்கு வெளியே நின்று, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, தன் மெஷினைத் தானே அளந்து கொடுத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்னைக் கேட்கவில்லை என்று அழுதேன். அவர் சொன்னது இதுதான்: "நீ அன்னிக்குத் தரையத் தொடச்சிட்டு ரெண்டு நாள் சாப்பிடல. இது போனா நீ சாப்பிடுவேன்னா, போகட்டும்னு விட்டுட்டேன்."  நான் பிரஷை வாங்கி மீதித் தூளைத் தள்ளினேன்.

இப்போது ஆஸ்பத்திரி ஸ்டோர்காரருக்கு அச்சுகள் போய்க்கொண்டிருக்கின்றன. காலையில் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை பார்க்கிறார், மாத்திரையை மறப்பதில்லை, ஷெட்டுக்குப் போகுமுன் இரண்டு கையையும் கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார், காயம் இருந்தால் கைக்குத் தெரியாது அல்லவா. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுவது என் பொறுப்பு. பயம் எனக்குப் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகும். ஆனால் ஸ்டூல் உள்ளேயே இருக்கிறது, நானும் பாதி நாள் உள்ளேதான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் அவரிடம் படிக்கக் கொடுத்தேன், அவரைப் பற்றியது அவருக்குத் தெரியாமல் போகக்கூடாது என்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். கத்தி ஏழு தடவை அல்ல, ஒன்பது தடவை போனது என்றார். நான் எழுதியதை அடித்து மாற்றவில்லை, எனக்கு ஏழு என்றுதான் நினைவு.  சாவி கேட்ட இடத்தை மட்டும் மறுபடி ஒருமுறை படித்தார்.

நீ போன் செய்யும்போது விரலைக் கேட்டு அழாதே, உன் அழுகையைத் தாங்குகிற திராணி அவருக்கு இல்லை. என்ன மரை போடுகிறீர்கள் அப்பா என்று கேள், மணிக்கணக்கில் பேசுவார், நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் பாப்பாவைக் கிள்ளி அழவிட்டுக்கொள். என்னிடம் உனக்குக் கோபம் இருந்தால் கோபப்படு, அது உனக்கு உரிமை, ஒளித்து வைக்காமல் என் முகத்துக்கு நேரே படு. ஒன்று மட்டும் மறக்காதே, உனக்கோ மாப்பிள்ளைக்கோ உடம்பில் எங்கே என்ன குறை வந்தாலும், சின்னதாக ஒரு விரல் மரத்தாலும், ஒருவருக்கொருவர் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாங்கள் பேசாமல் இருந்தது ஒருவரையொருவர் காப்பாற்றத்தான், அதில் ஒருவரும் தப்பவில்லை. நீயும் மாப்பிள்ளையும் மனசொத்து நீண்ட நாள் வாழ வேண்டும், பாப்பா தொட்டதையெல்லாம் உணர்ந்து, சிரித்து, வளர வேண்டும். மாப்பிள்ளையின் இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல், தானாகப் போய்விடும் என்று அவர் சொல்வதை நம்பாதே, இந்த வீட்டில் ஒருவர் அதை ஒரு வருஷம் நம்பியிருந்தார்.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்,
அம்மா

(கீழே அப்பா: ஒன்பது தடவைதான். நான் எண்ணினேன். நன்றாக இருக்கிறேன் கண்ணு.)